வைக்கோல் பாரத்துக்கு மேலே சிவப்பு

ஐந்தாம் வகுப்போடு நின்றவன் நான். கையெழுத்து கோணல், எழுத்தில் பிழையும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மன்னார்குடியிலிருந்து வைக்கோல் ஏற்றி வருகிறேன். அதிராம்பட்டினத்துக்கு முன்னால், தாழத் தொங்கும் கரண்ட் கம்பி பாரத்தில் உரசிவிடுகிறது. பயந்துபோய் வண்டியை ஓரங்கட்டுகிறேன். நன்றாக இருட்டிவிட்டது. அறுத்த வயலில் கேமராவை நிறுத்தியிருக்கும் உள்ளூர் பாய் ஒருவர் குரல் கொடுக்கிறார்.

"அண்ணே, லைட்ட அணைச்சிடுங்க. வானத்தப் படம் புடிக்கிறேன். வந்து பாருங்க."

அணைத்துவிட்டு, கூச்சத்தோடு போய் எட்டிப் பார்க்கிறேன். கேமரா என் வண்டிப் பக்கம் திரும்பியிருக்கிறது. திரை முழுக்கச் செக்கச்செவேலென்று புகை.

"ஐயோ, வைக்கோல் பத்திக்கிச்சு!"

ஓடிப்போய் பாரத்தின் மேல் ஏறிக் கட்டுகளைப் பிய்த்து எறிகிறேன். பாய் பின்னாலேயே ஓடி வருகிறார்.

"அண்ணே, எறங்குங்க! எதுவும் எரியல. அது நட்சத்திரத்துக்கு நடுவுல இருக்குற மேகம். கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத்தான் தெரியும்."

"எப்ப வந்துச்சு பாய்?"

"நாம பொறக்குறதுக்கு முன்னாடியே அங்கதாண்ணே இருக்கு. தெனம் அதுக்குக் கீழதான் வண்டி ஓட்டுறீங்க."

அண்ணாந்து பார்க்கிறேன். வானம் கறுப்பாகத்தான் இருக்கிறது. பாரத்தின் மேலேயே நின்றுகொண்டிருக்கிறேன். பாய்தான் கை கொடுத்து இறக்குகிறார்.

இன்றுதான் எழுத முடிந்தது. மாசி முதல் தேதி.