அப்பா நிறுத்திய சைக்கிள்

அன்று திண்டிவனம் வீட்டில் அப்பா, நான், டிவி மெக்கானிக் ஆகிய மூவர் இருந்தோம்.

டிவி வாங்கி ஒன்பது வருடம். ஒரு தடவைகூடப் பழுதானதில்லை. எனக்கு விழுப்புரத்தில் வேலை. ஞாயிறு மட்டும் வருவேன், வந்தாலும் டிவி பார்ப்பதில்லை. படம் இருட்டாகத் தெரிகிறது என்று அப்பா முதன்முதலில் சொன்னபோது நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"டிவி நல்லாத்தான் கீது. உன் கண்ணுதான் போச்சி. இனிமே சைக்கிள் எடுக்காத" என்றேன்.

அப்பா சைக்கிளை நிறுத்தினார். டீக்கடைக்குப் போவதையும் விட்டார். டிவியில் சத்தம் மட்டும் கேட்டார்.

சத்தமும் நின்றதால்தான் மெக்கானிக்கைக் கூப்பிட்டேன். அவர் பின்மூடியைக் கழற்றிச் சிரித்தார்.

"உள்ள லைட்டு போயி ரொம்ப நாளாச்சி. இருட்டுல இன்னாத்த பாத்துக்கினு இருந்த, பெருசு?"

சத்தத்தைச் சரிசெய்து லைட்டையும் மாற்றியதும் படம் பளிச்சென்று வந்தது.

"அப்ப என் கண்ணு போவலியாடா?" என்றார் அப்பா.

என் பேச்சைக் கேட்டு அவர் வீட்டுக்குள்ளேயே கிடந்தது எட்டு மாதம்.