ஆடேறிய மரமும் ஒரு போத்தல் எண்ணெயும்

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஜூலை முதல் வாரம் ரொறன்ரோவிலிருந்து மொன்றியல் வழியாகக் கசபிளாங்காவுக்குப் பறந்தேன். என் கனேடியக் கடவுச்சீட்டுக்கு அதுதான் முதல் பயணம். கூட வந்தவள் ஃபரீதா. ரொறன்ரோ வெக்ஸ்போர்ட்டில் ஒரு பேக்கரியில் நாங்கள் இருவரும் பாண் அடுக்குகிறவர்கள். யாழ்ப்பாணத்துச் சோனகத் தெருவில் பிறந்த அவள், ரொறன்ரோவில் இத்ரீஸ் என்ற மொரோக்கோக்காரனைக் கட்டியிருந்தாள். இத்ரீசுக்கு இன்னும் குடிவரவுப் பேப்பர் சரிவரவில்லை. ஏழு வருசமாய் ஊருக்குப் போக முடியாமல் ரெக்ஸ்டேலில் இருக்கிறான். அவன் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று: தன் அக்கா ஸஹ்ராவின் வீட்டிலிருந்து ஒரு போத்தல் அர்கான் எண்ணெய்.

நான் போன காரணம் வேறு. ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் ஃபரீதா, "இத்ரீசின்ர ஊரில ஆடு மரத்தில ஏறி நிண்டு தின்னும் அக்கா" என்றாள். நான் சிரித்த சிரிப்பில் தேத்தண்ணி புரைக்கேறிவிட்டது. ஆட்டுக்குக் குழை ஒடிக்கக் கொக்கத்தடியோடு வேலி வேலியாக அலைந்து வளர்ந்தவள் நான். "உந்தப் புளுகை வேற ஆருக்காவது போய்ச் சொல்லு" என்றேன். அவள் முகம் சுருங்கியது. "அப்ப வந்து பாருங்கோவன்" என்றாள். நானும் ரோசக்காரி, ரிக்கற் எடுத்துவிட்டேன்.

இரண்டாம் நாள் காலை ஏழு மணிக்குக் கசபிளாங்காவில் பஸ் ஏறினோம். எஸ்ஸாவீராவுக்கு எண்பது திர்ஹம். ஏறக்குறைய முந்நூற்றைம்பது கிலோமீற்றர். அங்கேயிருந்து ஸஹ்ராவின் ஊர் இன்னும் இருபத்தைந்து கிலோமீற்றர். ஆளுக்குப் பத்துத் திர்ஹம் கொடுத்து ஒரு பழைய வாடகைக் காரில் ஏறினோம். முன்சீற்றில் சாரதியோடு இருவர், பின்னால் நால்வர். என் ஒரு கால் உள்ளே வந்ததா என்று கடைசிவரை எனக்குச் சந்தேகம்தான்.

நான்கு மணியிருக்கும். வளைவொன்றில் சாரதி தானாகவே காரை நிறுத்தினார். ரோட்டோரத்தில் ஒரு அர்கான் முள்மரம். அதன் கொப்புகளில் ஆடுகள்! எண்ணினேன், பதினாலு. உச்சிக் கொப்பு என் மணிக்கட்டளவுதான் இருக்கும். அதில் ஒரு கறுப்புக் கிடாய் நாலு காலையும் ஒன்றாக வைத்து நின்று மஞ்சள் பழத்தைச் சப்பிக்கொண்டிருந்தது. எங்களைக் குனிந்து பார்த்துவிட்டு மறுபடியும் சப்பியது.

"இப்ப என்ன சொல்லுறியள்?" என்றாள் ஃபரீதா, இடுப்பில் கை வைத்துக்கொண்டு.

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை. புளுகி நான்தான்" என்றேன். அவள் அதை இத்ரீசிடம் பழகிய அரபியில் சொல்ல, காருக்குள் இருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள்.

ஸஹ்ராவுக்கு ஐம்பது வயதிருக்கும். ஆடு மென்று துப்பிய கொட்டையில்தானா எண்ணெய் எடுக்கிறீர்கள் என்று கேட்டு அன்றிரவே அவளிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஃபரீதா மொழிபெயர்த்தாள்: "அது சோம்பேறியள் செய்யிறதாம். ஆட்டு மணம் அடிக்குமாம். தான் நிலத்தில விழுந்த பழத்தைத் தன்ர கையால பொறுக்கிறவவாம்."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வேலை தொடங்கியது. போன வருசத்துக் கொட்டையில் மிஞ்சியது கடைசிக் கால் சாக்கு; புதுப் பழம் காய்ந்து கைக்கு வர இன்னும் வாரங்கள் ஆகும். ஸஹ்ரா ஒரு கல்லின்மேல் கொட்டையை வைத்து இன்னொரு கல்லால் இரண்டு தட்டுத் தட்டினாள். பருப்பு வெளியே வந்தது. நான் தட்டியதில் என் பெருவிரல்தான் வீங்கியது. பருப்பை மண்சட்டியில் வறுத்துத் திரிகையில் அரைத்தபோது மாநிறக் கூழ் வழிந்தது. இனிக் குழைப்புத்தான். இளஞ்சூட்டுத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டுக் குழைத்தால் எண்ணெய் பிரியுமாம்.

தண்ணீர் தெளித்துக் குழைப்பதா? எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "நான் குழைக்கிறன், தாங்கோ" என்று கையை நீட்டினேன். விருந்தாளியிடம் மாட்டேன் என்று சொல்ல ஸஹ்ராவுக்கு மனம் வரவில்லை. சட்டியைத் தந்தாள்.

தண்ணீரைத் தெளித்தேன். கூழ் இறுகி மணி மணியாக வந்தது. என் விரல்கள் என்னைக் கேளாமலே கட்டிகளை உடைத்து உதிர்க்கத் தொடங்கிவிட்டன. முப்பது வருசப் பழக்கம்! கால் மணித்தியாலம் போயிற்று. சட்டி நிறைய உதிரி. ஒரு சொட்டு எண்ணெய் இல்லை.

ஃபரீதா எட்டிப் பார்த்து அலறினாள். "அக்கா! பிட்டே அவிக்கப் போறியள்?"

ஸஹ்ரா வெறுஞ்சாக்கை ஒருமுறை பார்த்தாள். இத்ரீசின் போத்தல் கழுவிக் கவிழ்த்தபடி பக்கத்திலேயே இருந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது. ஸஹ்ரா சட்டியை வாங்கக் கை நீட்டினாள். நான் கொடுக்கவில்லை. கெடுத்தவள் நான், நானே சரிசெய்ய வேண்டும்.

"எப்பிடியெண்டு கேள்" என்றேன் ஃபரீதாவிடம்.

"உதிர்க்கக் கூடாதாம். உருட்டிச் சேர்த்து, கைமுட்டியால அமத்தட்டாம். விடவே கூடாதாம்."

அமர்த்தினேன். சட்டியை இரண்டு முழங்காலுக்கும் இடையில் இறுக்கிக்கொண்டு, ரொட்டி மாவை அடிப்பதுபோல் முட்டியால் அடித்து அமர்த்தினேன். தோள் கழன்றுவிடும் போலிருந்தது. ஸஹ்ரா என் பக்கத்தில் குந்தியிருந்து ஒவ்வொரு கரண்டியாகத் தண்ணீர் விட்டாள். உதிரி திரண்டு ஒரே கட்டியானது. திடீரென்று கட்டி சட்டியை விட்டு வழுக்கியது. அதன் அடியில், என் விரலிடுக்கில், மினுமினுவென்று எண்ணெய்!

ஸஹ்ரா குரவையிட்டாள். வேலிக்கு அப்பால் யாரோ பதில் குரவை இட்டார்கள். நான் எண்ணெய்க் கையோடு எழுந்து அவளைக் கட்டிப்பிடித்தேன். பிழியப் பிழிய வந்தது. போத்தல் கழுத்துவரை நிறைந்தது.

ரொறன்ரோ திரும்பிய ஞாயிற்றுக்கிழமை ரெக்ஸ்டேலில் அவர்களுடைய குசினியில் போத்தலைத் திறந்தோம். இத்ரீஸ் ஒரு கோப்பையில் கொஞ்சம் ஊற்றி, பாணைப் பிய்த்துத் தோய்த்து வாயில் வைத்தான். கண்ணை மூடி மென்றான். இது அக்காவின் குழைப்புத்தானே என்று கேட்டான். ஃபரீதா என்னைக் காட்டினாள். அவன் என்னை நம்பாமல் பார்த்தான், வீங்கிய பெருவிரலைப் பார்த்தான், பிறகு தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். அவனை எனக்கு நாலு வருசமாகத் தெரியும். அவன் வாய்விட்டுச் சிரித்து நான் கண்டது அன்றுதான். அந்தச் சிரிப்பில் பாதி என்னுடையது.