கழிவு போடாத கடிகாரம்

மண்ணெண்ணெய்க்கும் கேஸுக்கும் நாடே வரிசையில் நின்றதே, அது ஓய்ந்து மறு தைப்பூசம் வருவதற்கு முந்தின வாரம்தான் என் வயிறு பிதுங்கியது. வரிசையில் நின்றபோதே பிதுங்க ஆரம்பித்துவிட்டது என்கிறாள் என் சம்சாரம். மூன்று நாள் காலி கேனோடு தலவாக்கலை டவுனில் நின்றவன் நான். காலி கேனைத் தூக்கினால் வயிறு பிதுங்குமா? எனக்குத் தெரிந்து அது ஒரு இருமலில் வந்தது. தொப்புளுக்கு மேலே எலுமிச்சம்பழம் மாதிரி. அமுக்கினால் உள்ளே போகும், கையை எடுத்தால் எட்டிப் பார்க்கும்.

ஆஸ்பத்திரி டாக்டர் சிங்களவர், நல்ல மனுஷன். படுக்க வைத்து அமுக்கிப் பார்த்தார். இவ்வளவு பெரிய வயிற்றில் தையல் நிற்காது, ஆறு கிலோ குறைத்துக்கொண்டு வா, அப்புறம்தான் வெட்டுவேன் என்றார். அதுவரை பாரம் தூக்காதே, முக்காதே, இருமாதே. குடல் அதற்குள் சிக்கிக்கொண்டால் உயிருக்கே மோசம்.

எங்கள் தோட்டத்து லயத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கு இறங்க நூற்றுப் பதினோரு படி. பனியில் தொண்டை கரகரக்கும்போதெல்லாம் வயிற்றை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மூச்சை அடக்கி, சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்பேன். தண்ணீர் வாளியை சம்சாரம் தூக்கிப் போவாள், நான் பின்னால் வெறுங்கையோடு போவேன். பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரர்கள் பார்ப்பார்கள். அந்த வெட்கத்துக்கே பாதி நாள் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே கிடந்தேன்.

கொழும்பில் கார்மெண்ட்ஸில் வேலை செய்யும் மகள் இதைக் கேட்டுவிட்டு ஒரு கைக்கடிகாரம் அனுப்பினாள். நடந்தால் அடியை எண்ணும், எத்தனை கலோரி எரிந்தது என்றும் காட்டும். எழுத்து எனக்குத் தெரியாது. இதைக்கூட நான் சொல்லச் சொல்ல லீவில் வந்த மகள்தான் எழுதுகிறாள். ஆனால் எண் தெரியும். முப்பது வருஷம் கங்காணியாகத் தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்தில் தராசு பிடித்தவனுக்கு எண் தெரியாதா?

காலையில் கோயில் வரை நடந்து திரும்பினேன். கடிகாரம் இருநூற்றுச் சொச்சம் காட்டியது. வயிறு காந்தியது. ஒரு ரொட்டிக்கு ஏறக்குறைய இருநூறு என்று மகள் போனில் பார்த்துச் சொல்லியிருந்தாள். எரித்ததைத் திருப்பிச் சாப்பிடலாமா, கூடாதா? அதுதான் எனக்குப் பிடிபடவில்லை.

தலவாக்கலையில் ஒரு நானா தேத்தண்ணிக் கடை வைத்திருக்கிறார். முஸ்லிம் ஆள், என்னைவிடப் பருமன். அவருக்கும் டாக்டர் எடை குறைக்கச் சொல்லியிருந்தார், அவர் கையிலும் அதே மாதிரிக் கடிகாரம். கிளினிக் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் கேட்டேன்.

"நானா, நடந்து எரிச்சத திரும்பத் திங்கலாங்களா?"

"என்ன கங்காணி இப்பிடிக் கேக்கிறீங்க? ஒழைச்சது ஒங்க சொத்து. முன்னூறு எரிச்சா முன்னூறு சாப்பிடுங்க. எடை ஏறவும் செய்யாது, எறங்கவும் செய்யாது."

"எறங்கணுமேங்க."

"அதுக்கு ராச்சோத்தக் கொறைங்க. இத ஏன் விடணும்? நான் கட பூரா நடக்கிறேன். அந்தக் கணக்குல ரெண்டு இனிப்புப் பணிஸ் வருது."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. நான் பையனாக இருந்தபோது மாவுக்குத் தட்டுப்பாடு வந்த காலம் ஒன்று உண்டு. பட்டிப்பொலயில் இருந்த அத்தை வீட்டுக்கு எங்களை அனுப்பிவிட்டார்கள். அங்கேயும் ஒன்றும் இல்லை. ரயில் ரோட்டு ஓரத்தில் கீரை பறித்து, உப்பில்லாமல் அவித்துத் தின்றோம். ரயிலிலிருந்து யாராவது பாண் துண்டு எறிந்தால் ஓடுவோம். அந்தப் பசியைப் பார்த்தவனிடம் போய், நடந்து வேர்வை சிந்தி வந்த ரொட்டியைத் தின்னாதே என்றால் மனது கேட்குமா?

அதனால் தின்றேன். கடிகாரம் இருநூறு காட்டினால் ஒரு ரொட்டி, நானூறு காட்டினால் இரண்டு. ராத்திரிச் சோற்றையும் குறைத்தேன். மூன்று மாதம் அப்படியே ஓடியது. கிளினிக் தராசில் ஏறி நின்றேன். ஒரு கிலோ கூடியிருந்தது.

டாக்டர் துண்டில் அடுத்த தேதியை எழுதினார். திரும்பும்போது பஸ் குலுங்கியது. ஒவ்வொரு வளைவிலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டேன். நடக்காவிட்டால் குறையாது. நடந்தால் பசிக்கிறது. தின்றால் ஏறுகிறது. ஏறினால் வெட்டமாட்டார். வெட்டாவிட்டால் இருமக்கூட முடியாது. சுற்றிச் சுற்றி அதே இடம். எங்கே கையை வைத்தாலும் கதவு இல்லை.

மறுநாள் மழை. நடக்கப் போகவில்லை. சம்சாரம் மாவு பிசைய, நான் பலகையில் குந்தி, அம்மியில் சம்பலுக்கு மிளகாய் அரைத்தேன். அது எனக்குப் பிடித்த வேலை, வயிற்றிலும் முட்டாது. அரைத்துவிட்டு நிமிர்ந்து கடிகாரத்தைப் பார்த்தேன். காலையிலிருந்து வாசலைத் தாண்டாதவன் ஆயிரத்துச் சொச்சம் அடி நடந்திருக்கிறேன் என்று காட்டியது.

"என்னங்க முழிக்கிறீங்க?" என்றாள்.

காட்டினேன். கொழுந்து பறித்த அவளுக்கும் எண் தெரியும், நான் நிறுத்துச் சொன்னதையெல்லாம் மனதில் வைத்துக் கூட்டிப் பார்த்தவள். இடுப்பில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள்.

"குந்துன எடத்துல நடந்துட்டீங்களே கங்காணியாரே! சம்பல அரைச்சதுக்கே ரொட்டி கெடைச்சிருச்சா?"

"சும்மா இரு. மெஷின் பொய் சொல்லுமா?"

"மெஷினு சொல்லாது. நீங்க மடுவத்துல என்ன பண்ணுனீங்க? தராசுல இருவது காட்டுனா இருவதா போட்டீங்க? சாக்குக்கு ஒண்ணு கழிச்சீங்க. மழ நாளுன்னா தண்ணிக்கு ரெண்டு கழிச்சீங்க. என் சாக்குலயே கழிச்சீங்க, பொண்டாட்டின்னு பாத்தீங்களா?"

"அது தொரை போட்ட சட்டம்."

"அந்தச் சட்டம் இந்தத் தராசுக்கு மட்டும் இல்லையா? இதுல எவ்வளவு சாக்கு, எவ்வளவு தண்ணி? உங்களுக்குன்னு வந்தா மட்டும் கழிவு மறந்துபோகுதா?"

மழையில் தலையில் படங்கைப் போட்டுக்கொண்டு நின்ற பெண்கள் ஞாபகத்துக்கு வந்தார்கள். ஈரக் கொழுந்து இரண்டு கிலோ கூடக் காட்டும், உண்மைதான். சில நாள் நான் மூன்று கழித்திருக்கிறேன். இவள் அப்போதும் வெறும் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு மறுபடி கொழுந்து பறிக்கப் போவாள். அன்றைக்கு ஒரு ரொட்டிதான் தந்தாள். நான் இன்னொன்று கேட்கவில்லை.

அதற்கப்புறம் கடிகாரம் காட்டுவதில் பாதியைத் தண்ணீர் என்று வைத்துக் கழித்துவிடுவேன். மிச்சத்துக்கும் உடனே சாப்பிடமாட்டேன். வெறும் தேத்தண்ணி குடித்துவிட்டுக் கொஞ்ச நேரம் இருப்பேன். பசி நிஜமாக நின்றால் அரை ரொட்டி, கீரை, ஒரு முட்டை. முதல் இரண்டு வாரம் பட்டிப்பொலப் பசி திரும்பி வந்த மாதிரி பயமாக இருந்தது.

அடுத்த கிளினிக்கில் டாக்டரிடமே கேட்டேன், எனக்குத் தெரிந்த அரைச் சிங்களத்தில். எரித்ததையெல்லாம் திருப்பித் தின்றால் குறைய என்ன மிச்சம் இருக்கிறது என்றார். அதற்காகத் தலைசுற்றப் பட்டினியும் கிடக்காதே, பசித்தால் கொஞ்சம் சாப்பிடு, கடிகாரத்தை முழுதாக நம்பாதே என்றார். வீட்டில் வந்து சொன்னபோது சம்சாரம், "இதுக்கு டாக்டரு வேணுமாக்கும்" என்று அடுப்பை ஊதினாள்.

இப்போது நாலரைக் கிலோ குறைந்திருக்கிறது, அதிலும் ஏறின ஒரு கிலோவைக் கழித்தால் மூன்றரைதான். இன்னும் இரண்டரை வேண்டும். வெட்டுகிறேன் என்று டாக்டர் இன்னும் சொல்லவில்லை. வாளி அவள் கையில்தான். நேற்று ராத்திரியும் இருமல் வந்தது, சுவரைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

கிளினிக்கில் அந்த நானாவைக் காணவில்லை. போன தடவை அவர் எடை ஏறிவிட்டதாம், வெட்கப்பட்டு வரவில்லை என்றார்கள். கிளினிக் நாள் தவிர அந்த நூற்றுப் பதினோரு படியையும் இறங்கி, பஸ்ஸில் குலுங்கி அவர் கடை வரை போக எனக்கு வயிறு இடம் கொடுக்காது. தலவாக்கலைப் பக்கம் போகிறவர்கள் யாராவது இதைக் கேட்டால், பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரே கல்லாவில் உட்கார்ந்திருப்பார், கையில் கறுப்புக் கடிகாரம் இருக்கும், அவரிடம் சொல்லிவிடுங்கள். பணிஸை எடுக்கிறதுக்கு முன்னால் சாக்குக்கும் தண்ணிக்கும் கழிக்கச் சொல்லுங்கள். அடுத்த கிளினிக்குக்குக் கட்டாயம் வரச் சொல்லுங்கள், பெஞ்சில் இடம் பிடித்து வைப்பேன்.