புரட்டாசி முடிந்ததை யார் சொல்வது

மாசி ஒன்பதாம் தேதி மளிகைக் கடையில் தெரிந்த அம்மாள் ஒருவர் கேட்டதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

“அண்ணே, நீங்க ஒரேயடியா சைவத்துக்கு மாறிட்டீங்களா? நல்லதுதான் லா. ஆனா மகன் கல்யாணத்துக்கு உங்க வீட்டு ஆட்டுக்கறிதான் வேணும்னு நெனச்சிருந்தோம். வேற ஆள்கிட்ட சொல்லிட்டோம்.”

மலேசியாவில், ஜோகூரின் உலு திராமில் என் மனைவி விசேஷங்களுக்குச் சமைத்துக் கொடுக்கிறாள். நான் சாஆ என்ற ஊர்ப் பக்கத்துத் தோட்டத்தில் கணக்கு எழுதும் கிராணியாக இருந்து ஓய்வு பெற்றவன். ஆர்டர் எழுதுவதும் போன் எடுப்பதும் என் வேலை. பக்கத்து ஊரான தெப்ராவில் இருக்கும் மருமகன் மூன்று வருடத்துக்கு முன்பு எங்களுக்கு ஒரு வெப்சைட் செய்து கொடுத்தார். புது ஆட்கள் அதைப் பார்த்துத்தான் கூப்பிடுவார்கள்.

கடையிலேயே நின்று கைப்பேசியில் திறந்து பார்த்தேன். உச்சியில் பெரிய எழுத்தில் இருந்தது: ‘புரட்டாசி விரதம். சைவம் மட்டுமே சமைக்கிறோம்.’

போடச் சொன்னவன் நான். எடுக்கச் சொல்லவில்லை. புரட்டாசி முடிவது ஊருக்கே தெரியும், மருமகனுக்குத் தெரியாதா என்று இருந்துவிட்டேன். அவரோ விடியுமுன் பாலம் தாண்டி சிங்கப்பூருக்குப் போய், இருட்டிய பின் திரும்புகிறவர். வாரத்தில் ஆறு நாள்.

ஐப்பசி முதல் தேதியிலிருந்து எண்ணினேன். நூற்று இருபத்தேழு நாள்.

இத்தனை நாளும் எனக்கு ஏன் உறைக்கவில்லை? ஐப்பசியில் ஆர்டர் வராதபோது, தீபாவளிக்கு எல்லாரும் வீட்டில் சமைப்பார்கள் என்றேன். கார்த்திகையில், ஐயப்பனுக்கு மாலை போட்டிருக்கிறார்கள். மார்கழியில் யார் கல்யாணம் வைப்பார்கள்? தையில் தைப்பூச விரதம். ஒவ்வொரு மாதமும் எனக்கு ஒரு காரணம் கொடுத்தது. முந்தின வருடம் இதே நாட்களில் பத்தொன்பது அசைவ ஆர்டர். இந்த வருடம் மூன்று. மூன்றும் பழைய ஆட்கள். கறி வெட்டவும் கிளறவும் கூடமாட இருந்த இரண்டு பெண்களும், இங்கே வேலை இல்லாததால் தொழிற்சாலைக்குப் போய்விட்டார்கள். பங்குனி வரை பார்ப்போம், பிறகு அண்டாக்களை விற்றுவிடலாம் என்று மனைவி ஏற்கெனவே சொல்லியிருந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மருமகன் வந்தார். உட்காருவதற்குள் அந்த வரியை எடுத்துவிட்டார்.

“ரெண்டு நிமிஷ வேலை மாமா. ஒரு மெசேஜ் போட்டிருக்கலாமே.”

“ஊரே நம்மள சைவம்னு நெனச்சிருக்கு,” என்றாள் மனைவி. “இவரு காலண்டரப் பாத்து மாசத்தத் திட்டிக்கிட்டு இருந்தாரு.”

நான் மருமகன் பக்கம் திரும்பினேன். நாமே உள்ளே போய் எழுத்தை மாற்றிக்கொள்ள ஓர் ஏற்பாடு உண்டாமே, சிஎம்எஸ் என்கிறார்களே, அதை வைத்துத் தர முடியுமா என்று மட்டும் கேட்டேன்.

“வருசத்துல எத்தன தடவ மாத்துவீங்க?”

எழுதி வைத்திருந்தேன். “பதினோரு தடவை.”

“அலமாக்! பதினோரு தடவைக்கு சிஎம்எஸ்ஸா? தினம் மாத்துற கடைக்குத்தான் மாமா அது. அத அப்பப்ப அப்டேட் பண்ணணும், பாஸ்வேர்ட் பத்திரமா வைக்கணும். விட்டா எவனாவது உள்ள பூந்துருவான். இப்ப இருக்கிற மாதிரி இருந்தா ஒரு தொல்லையும் இல்ல.”

அவர் சொன்னது சரிதான். இரண்டு நாள் யோசித்தேன். ஆனால் எத்தனை தடவை மாற்றுகிறோம் என்பதை மட்டும் அவர் எண்ணினார். மாற்ற வேண்டிய வரி மாறாமல் எத்தனை நாள் நிற்கிறது என்பதை எண்ணவில்லை. இரண்டு நிமிட வேலை நூற்று இருபத்தேழு நாளுக்கு மேல் நின்றது. தெரிந்தவன் நான், மாற்றும் கை அவருடையது. எனக்கு எழுபத்தொரு வயது. இன்னொருவருடைய ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருக்க என்னால் ஆகாது என்று போனில் சொன்னேன். அடுத்த வாரமே வைத்துக் கொடுத்தார். பாஸ்வேர்டை நோட்டில் எழுதி, ஒரு விரலால் தட்டிப் பழகினேன். முதல் வரியாக, ‘ஆட்டுக்கறி, கோழி எல்லாம் சமைக்கிறோம்’ என்று போட்டேன்.

எட்டு நாள் போன் அடிக்கவில்லை. ஒன்பதாம் நாள் தெப்ராவிலிருந்து ஒருவர் கூப்பிட்டார். காதுகுத்து, நூற்றைம்பது பேர், ஆட்டுக்கறி கட்டாயம் வேண்டும். கேட்டுச் சொல்கிறேன் என்று அடுப்படிக்கு ஓடினேன்.

மனைவி பூண்டு உரித்துக்கொண்டிருந்தாள்.

“நூத்தம்பது பேருக்கு யாருங்க கறி வெட்டுறது? நீங்களா? முடியாதுன்னு சொல்லிடுங்க.”

சொன்னேன். அவர் பரவாயில்லை என்று வைத்துவிட்டார். நான் கணினி முன் உட்கார்ந்து, ‘நாற்பது பேர் வரை மட்டும்’ என்று தட்டினேன். மனைவி கையைத் துடைத்துக்கொண்டே வந்து, என் தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள்.

“நாப்பதா? முப்பதுன்னு போடுங்க.”

மாற்றினேன்.