சுவர் தாண்டிய கொல்லாம்பழம்

உடன்குடிக்கு வெளியே, செம்மணல் மேடான தேரி தொடங்கும் இடத்தில் முத்துக்கனியின் வீடு. பக்கத்து வீடு, பஜாரில் இரும்புக்கடை வைத்திருக்கும் வீரபாகுவுடையது. அவருடைய முந்திரி மரத்தின் ஒரு கிளை சுவரைத் தாண்டி முத்துக்கனியின் முற்றத்துக்கு மேலே நிற்கிறது. பழுத்ததெல்லாம் அங்கேதான் விழும். முந்திரிப்பழத்தை இந்தப் பக்கம் கொல்லாம்பழம் என்பார்கள். கொட்டைக்குத்தான் மதிப்பு, பழத்தை யாரும் சீந்துவதில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் முத்துக்கனி ஒரே ஒரு கொட்டையைச் சுட்டுத் தின்றாள். மணம் சுவரைத் தாண்டிப் போயிற்று. அன்று சாயங்காலம் குழாயடியில், ஊரே பார்க்க, வீரபாகு அவளைக் களவாணி என்றார். அதன்பிறகு விழுகிற பழத்தையெல்லாம் பொறுக்கி, கொட்டையைத் திருகி, சுவருக்கு அந்தப் பக்கம் எறிவாள். எறியும்போது தெருவுக்கே கேட்கச் சொல்வாள்: "அண்ணாச்சி, ஒங்க கொட்டை வருது!" தெருவில் சிரிப்பார்கள். வீரபாகு ஒருநாளும் சிரித்ததில்லை.

மிஞ்சிய பழம் சட்னியாகும். அரிந்த துண்டுகளைக் கல்லுப்பில் ஊறவைத்துப் பிழிவாள். தொண்டையைப் பிடிக்கும் காறல் அதில் போய்விடும். பிறகு கருப்பட்டிப் பாகில் மிளகாய் வற்றலும் சுக்கும் தட்டிப் போட்டு, கரண்டியில் ஒட்டும்வரை கிண்டுவாள். பாட்டில்களில் அடைத்து, தெருவில் கேட்பவர்களுக்குக் கொடுப்பாள். சாப்பிட்டிருக்கிறேன். நன்றாகத்தான் இருக்கும். அதற்காக அவளை நல்ல மனுஷி என்று சொல்ல மாட்டேன். கிண்டும்போது அவள் முகத்தில் இருப்பது பகை மட்டும்தான்.

இந்த வருஷம் வீரபாகுவின் மகள் பானுப்ரியாவைக் கட்டிக்கொடுத்த சாத்தான்குளத்துச் சம்பந்தி விருந்துக்கு வந்தார். பானுப்ரியா அப்பாவுக்குத் தெரியாமல் எதிர்வீட்டில் கேட்டு வாங்கிய முத்துக்கனியின் சட்னியைத் தோசையோடு வைத்தாள். சம்பந்தி கிண்ணத்தை வழித்துவிட்டு, "யாரு கைப்பக்குவம்மா இது?" என்றார். அவள் உண்மையைச் சொல்லிவிட்டாள்.

சம்பந்தி ஊருக்குத் திரும்பியதும் வீரபாகு சுவரோரம் வந்து நின்றார்.

"ஏளா, மரம் யாருது?"

"ஒங்களுது அண்ணாச்சி."

"அப்போ பழம்?"

"கொட்டைய ஒண்ணுவிடாம எறிஞ்சிருக்கேன்லா?"

"நான் பழத்தக் கேக்கேன். எம்பழத்துல சட்னி கிண்டி எஞ்சம்பந்திக்கே ஊட்டுதியோ? இனி ஒரு பழத்தத் தொட்டாலும் நீ களவாணிதான்."

அந்தச் சொல் மறுபடி வந்துவிட்டது. முத்துக்கனி தெருவில் நின்றவர்களைப் பார்த்து, "எல்லாரும் கேட்டுக்கிடுங்க. பழமும் அண்ணாச்சிக்குத்தான்" என்றாள். கூடையிலிருந்த பழங்களை ஒவ்வொன்றாகச் சுவருக்கு அந்தப் பக்கம் எறியத் தொடங்கினாள். அங்கே கொடியில், கோயில் கொடைத் திருவிழாவுக்கென்று வெளுத்த வேட்டிகள் காய்ந்துகொண்டிருந்தன. கொல்லாம்பழக் கறை துணி கிழிகிறவரை போகாது.

"ஏ மூதேவி! வேட்டி! வேட்டி!"

"ஒங்க பழம், ஒங்க வேட்டி. எங்கிட்ட ஒண்ணும் இல்ல, நல்லாப் பாத்துக்கிடுங்க."

கடைசியில் அடுப்பில் கொதித்துக்கொண்டிருந்த சட்டியையும் துணிபிடித்துத் தூக்கிவந்து, சுவருக்கு அந்தப் பக்கம் கவிழ்த்தாள்.

கிளையை வெட்ட வீரபாகுவுக்கு மனம் வரவில்லை. அதில்தான் காய்ப்பு அதிகம். இப்போது பழமும் கொட்டையுமாகவே சுவர் தாண்டிப் போகிறது. அந்தப் பக்கம் அழுகி, ஈ மொய்க்கிறது. முத்துக்கனியின் பாட்டில்கள் காலியாகக் கவிழ்ந்து கிடக்கின்றன.

போன வாரம் அப்பா வீட்டுக்கு வந்த பானுப்ரியா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

"அத்தை, எங்க மாமனார் ஒரு பாட்டில் கேட்டாரு."

"ஒங்கப்பாட்ட பழம் கெடக்குலா?" என்றாள் முத்துக்கனி. "அவரக் கிண்டச் சொல்லு."