பள்ளமாய்த் தெரிந்த எழுத்து

ஒரே ஒரு எழுத்தால் பிரிண்டிங் மெஷின்காரராக இருந்தவர் ஏணிக்காரர் ஆனார். அந்த வயிற்றெரிச்சல் ஆறு வருஷமாகியும் அவருக்கு அடங்கவில்லை.

அந்த போர்டு கடையில் எழுத்துக்கு உலோகப் பளபளப்பு ஏற்றுவதில் டிசைனரை மிஞ்ச ஆளில்லை. எவர்சில்வர் கரண்டியை ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். பிறகு கம்ப்யூட்டரில் வெள்ளைக் கோட்டை ஒட்டிக் கருப்பை இழுத்துவிடுவார். தட்டை எழுத்து இரும்பில் வார்த்ததுபோல எழுந்து நிற்கும். ஒரு பெரிய போர்டில் மட்டும் நடு எழுத்து பள்ளமாகத் தெரிந்தது. "பிரிண்ட்ல கோட்டை விட்டுட்டான்" என்று முதலாளி விசாரிக்காமலே மெஷின்காரரை இறக்கி, ஏணியேறி போர்டு மாட்ட அனுப்பினார். டிசைனர் வாயே திறக்கவில்லை.

இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில் டிசைனர் எலும்பும் தோலுமாகக் கிடந்தார். பார்க்க வந்த ஏணிக்காரரிடம் சொன்னார்.

"மெஷின் மேல தப்பில்லண்ணே. அந்த எழுத்துக்கு மட்டும் வெளிச்சத்தைக் கீழேருந்து விழ வச்சுட்டேன். அதான் குழிஞ்சு போச்சு."

"இதைச் சொல்ல ஆறு வருஷமாடா? ஏணி ஏறியே என் இடுப்பு போச்சு. இரு, முதலாளியக் கூட்டிட்டு வர்றேன், அவர் காதுலயும் போடு."

எழுந்த ஏணிக்காரரின் கையை டிசைனர் பிடித்து நிறுத்தினார். கதவுக்கு வெளியே டிசைனரின் மகள் மருந்துச்சீட்டோடு நின்றிருந்தாள்.

"என் நாற்காலிய அவளுக்குத் தர்றேன்னு முதலாளி சொல்லியிருக்காரு. அப்பன் கை தப்பாதுன்னு நம்பித்தான் தர்றாரு. அந்த எழுத்து உங்க தப்பாவே இருந்துட்டுப் போகட்டும்ணே."