அம்மாவாசை கையில் இளம்பரிதியின் வாட்ச்

முதலியார்பேட்டையில் இளம்பரிதியைத் தெரியாதவர்கள் இருக்கலாம். அவர் சைக்கிளைத் தெரியாதவர்கள் கிடையாது. பக்கத்திலிருக்கும் மேட்டுப்பாளையத்தில் பிளாஸ்டிக் குடம் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் சூப்பர்வைசர். இருபத்தாறு வருஷமாக மழையானாலும் வெயிலானாலும் சைக்கிளில்தான் வேலைக்குப் போய்வந்தார். கூட வேலை பார்த்தவர்கள் பைக்குக்கு மாறினார்கள், சிலர் காருக்கும் மாறினார்கள். இந்த மனுஷன் ஐம்பதாவது வயதில் ஒரு கியர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து வாசலில் நின்றார். "தலை நரைச்சும் ஆசை நரைக்கல பாரு" என்று மனைவி பாக்கியலட்சுமி முகத்துக்கு நேராகவே சொன்னாள். அவருக்கு அதெல்லாம் காதிலேயே விழவில்லை.

செவ்வாய், வியாழன், ஞாயிறு, இந்த மூன்று நாளும் விடிகாலை ஐந்து மணிக்குக் கிளம்பிவிடுவார். அரியாங்குப்பத்தில் அம்மாவாசை சேர்ந்துகொள்வார். அம்மாவாசை நோணாங்குப்பத்தில் படகு ஓட்டுகிறவர், இளம்பரிதியைவிட மூன்று வயது மூத்தவர். பீடி, குடி, சர்க்கரை எதுவும் கிடையாது. பழைய கறுப்பு சைக்கிளை வைத்துக்கொண்டே கியர் சைக்கிளுக்கு ஈடு கொடுப்பார், ஊர்க்கதையும் பேசிக்கொண்டே வருவார். நோணாங்குப்பம் பாலம் ஏறி இறங்கி, தவளக்குப்பத்தில் ஒரு டீ குடித்துவிட்டு, கிருமாம்பாக்கம் வரைக்கும் போய்த் திரும்புவார்கள். பதினோரு வருஷப் பழக்கம் இது.

போன மார்கழியில் இளம்பரிதிக்கு நெஞ்சு அடைத்தது. அடைத்தது எப்போது தெரியுமா? நாற்காலியில் சாய்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தபோது. ஆனால் பழி விழுந்தது சைக்கிள் மேல். கோரிமேட்டு ஆஸ்பத்திரியில் ரத்தக் குழாய் ஒன்றில் அடைப்பு என்று கண்டுபிடித்து, ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். பார்க்க வந்த சொந்தக்காரர்கள் ஆரஞ்சுப் பழத்தைக் கொடுத்துவிட்டு, சைக்கிளை முறைத்துப் பார்த்துவிட்டுப் போனார்கள்.

டாக்டர் தங்கமானவர். "ரெண்டு மாசம் கழிச்சு மெதுவா மிதிங்க. துடிப்பு நூத்திருபதுக்கு மேல போவாம பாத்துக்கங்க" என்றார். சென்னையில் வேலை பார்க்கும் மகள் பூவிழி உடனே ஒரு வாட்சை வாங்கிவந்து அப்பா கையில் கட்டினாள். அவர் நெஞ்சு துடிக்கிற துடிப்பெல்லாம் அவள் போனில் கோடு கோடாகத் தெரியும்.

"நூத்திருபது தாண்டுனா எனக்குத் தெரிஞ்சிடும்ப்பா. மூணு தடவ தாண்டுச்சுன்னா சைக்கிளக் குடுத்துடணும். சத்தியம் பண்ணு."

மகள் கண்ணில் தண்ணீர் நின்றது. சத்தியம் பண்ணாமல் என்ன செய்வார்?

அங்கேதான் பிடித்தது சனியன். இரண்டு மாதம் கழித்து முதல்நாள் பாலம் ஏறும்போது வாட்சைப் பார்த்தார். நூற்றெட்டு. ஏறுகிறதே என்று மனசு பதறியது. பதறியதும் நூற்றுப் பதினைந்து ஆனது. ஐயோ என்று மறுபடி பார்த்தார், நூற்று இருபத்து நான்கு. கால் செய்த வேலை பாதிதான், மீதியைப் பயம் செய்தது. இருபத்தாறு வருஷமாக ஒரு நாளும் நினைத்துப் பார்க்காத நெஞ்சு இப்போது ஒவ்வொரு மிதிக்கும் கணக்குக் கேட்டது. வலதுபக்கம் இழுத்தால் வாயு என்பார், இடதுபக்கம் இழுத்தால் முடிந்தது கதை என்று சைக்கிளை ஓரங்கட்டி நின்றுவிடுவார். ஒரே வாரத்தில் இரண்டு தடவை தாண்டியாயிற்று. பாக்கி ஒரே ஒரு தடவை. அது போனால் சைக்கிள் போய்விடும். சைக்கிள் இல்லாத காலையை அவரால் நினைத்தே பார்க்க முடியவில்லை.

அம்மாவாசைக்குப் பொறுக்கவில்லை. "இன்னாடா இது, வாத்தியாரக் கையில கட்டிக்கினு பள்ளிக்கூடம் போற மாதிரி. கயட்டு. என் கையில கட்டு. எனக்கு இன்னா, கருங்கல்லு நெஞ்சு" என்று கையை நீட்டினார்.

தப்பு என்று இளம்பரிதிக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தேதான் கழற்றிக் கொடுத்தார். அன்றைக்கு எத்தனையோ நாளுக்குப் பிறகு பயமில்லாமல் பாலம் ஏறினார். எதிர்காற்று முகத்தில் அடித்தது, மூச்சு வாங்கியது. அது வெறும் மூச்சாகவே இருந்தது. சாயங்காலம் பூவிழி போன் பண்ணி, "அப்பா, சூப்பர்ப்பா! நூத்தி நாலத் தாண்டவே இல்ல!" என்று குதித்தாள். பாக்கியலட்சுமிகூட அன்றைக்கு சைக்கிளைத் துடைத்து வைத்தாள். இப்படியே ஒரு மாதம் ஓடியது.

அப்புறம் அந்த வியாழக்கிழமை வந்தது. காலை எட்டு மணிக்கு இளம்பரிதி கம்பெனி வாசலில் சைக்கிளை நிறுத்தும்போதே பூவிழியின் போன்.

"அப்பா, ஆறு இருவதுக்கு எங்க இருந்த? மிதிச்சியா?"

"ஆறு இருவதா? தவளக்குப்பத்துல டீ குடிச்சினு இருந்தேன். ஏம்மா?"

"உக்காந்துனு இருந்தியா? நூத்தி அறுவத்தெட்டு காட்டுதுப்பா! உடனே தொண்ணூறு, மறுபடி நூத்தி அம்பது. தாறுமாறா இருக்குது. தல சுத்துச்சா? மறைக்காம சொல்லுப்பா!"

அந்த நொடியில் இளம்பரிதிக்கு வந்தது பயமில்லை. சந்தோஷம். என்னுடையது இல்லை, அப்பாடா, என்னுடையது இல்லை! வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. அப்புறம்தான் அது யாருடையது என்பது உறைத்தது. டீக்கடையில் அம்மாவாசை சொல்லிக்கொண்டிருந்த கதையைப் பாதியில் நிறுத்தியதும், ஒரு சொம்புத் தண்ணீரை மடமடவென்று குடித்து, "ராத்திரி தின்னது செரிக்கல போல" என்று நெஞ்சைத் தடவியதும் நினைவுக்கு வந்தது.

"வாட்சு லூசா இருந்துச்சும்மா. பட்டைய இறுக்கிக் கட்டல" என்றார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாயிற்று.

அவளிடம் பொய் சொன்னது சரி, அம்மாவாசையிடமாவது சொல்லியிருக்கலாம் இல்லையா? அதையும் சொல்லவில்லை பாவி மனுஷன். வாட்சு தப்பாகக் காட்டியிருக்கும் என்று ஒரு நேரம் சமாதானம் சொல்லிக்கொண்டார். சொன்னால் அம்மாவாசை ஆஸ்பத்திரிக்குப் போவார், வாட்ச் விஷயம் ஊருக்கே தெரியும், பூவிழி காதுக்குப் போகும், அதோடு தன் சைக்கிளும் போகும் என்று இன்னொரு நேரம் கணக்குப் போட்டார். தனக்கு வந்த அந்தப் பயம் அவனுக்கு எதற்கு, நாலு நாள் நிம்மதியாக மிதிக்கட்டுமே என்று கருணை வேஷமும் போட்டுப் பார்த்தார். மூன்றுமே அவருக்கே நம்பும்படி இல்லை. ஞாயிற்றுக்கிழமை நேரில் சொல்லிவிடலாம் என்று மென்று முழுங்கினார்.

ஞாயிற்றுக்கிழமை அரியாங்குப்பத்தில் அம்மாவாசை வழக்கம்போல் கையை நீட்டினார்.

"வாணாம். இன்னிக்கு நானே கட்டிக்கிறேன்" என்றார் இளம்பரிதி.

"அட, தைரியம் வந்துடுச்சா ஐயாவுக்கு!" என்று சிரித்துவிட்டு அம்மாவாசை முன்னால் போனார். டீக்கடையில் சொல்லிக்கொள்ளலாம் என்று இவர் பின்னால் போனார். டீக்கடை வரைக்கும் போகவே இல்லை. பாலத்தின் பாதி ஏற்றத்தில் அம்மாவாசையின் சைக்கிள் தள்ளாடியது. இறங்கி, கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு, மெதுவாக ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டார். முகமெல்லாம் வேர்வை. "கண்ணு இருட்டுதுடா பரிதி" என்றார். இளம்பரிதி அவர் மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்தார். கூடைக்குள் மாட்டிய கோழி மாதிரி படபடத்தது. நூற்றெட்டு ஆம்புலன்சுக்கு போன் போட்டுவிட்டு, "டேய், ஒண்ணும் ஆவாது, என்னைப் பாருடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். சொன்னவர் அழுதுகொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்கு அம்மாவாசையின் மனைவி கமலவேணி செருப்புகூடப் போடாமல் ஓடிவந்தாள். வந்ததும் இளம்பரிதியின் கையைப் பிடித்துக்கொண்டாள். "தெய்வம் மாதிரி நீங்க பக்கத்துல இருந்தீங்கண்ணா. தனியா போயிருந்தா இன்னா ஆயிருக்கும்?" கையை உருவிக்கொள்ளவும் முடியாமல் வைத்திருக்கவும் முடியாமல் நின்றார் மனுஷன்.

உள்ளேயிருந்து ஓர் இளம் பெண் டாக்டர் வேகமாக வந்தார். "அம்மாவாசைக்கு நீங்கதானே? பயப்படாதீங்க, நினைவு இருக்குது. நெஞ்சு தாளம் தப்பித் துடிக்குது. லேசா ஷாக் குடுத்து சரி பண்ணப் பாக்குறோம். ஆனா ஒண்ணு தெரியணும். இது இன்னிக்குத்தான் ஆரம்பிச்சுதா? அவரு இன்னிக்குத்தான்னு சொல்றாரு."

"இன்னிக்குத்தான் டாக்டர். ஒரு தலவலின்னு படுத்தது கெடையாது" என்றாள் கமலவேணி.

"நிச்சயமா? ரெண்டு நாளுக்கு மேல ஆயிருந்தா உள்ள ரத்தம் கட்டியிருக்கலாம். அப்ப ஷாக் குடுத்தா அந்தக் கட்டி மூளைக்குப் போயிடும். அதனாலதான் கேக்குறேன்."

"நிச்சயமா டாக்டர்."

டாக்டர் திரும்பினார். இளம்பரிதி குனிந்து தன் கையைப் பார்த்தார். கையிலிருந்த வாட்ச் தன் பாட்டுக்கு நூற்று முப்பத்தொன்று என்று காட்டியது. மூன்றாவது தடவையும் போயிற்று. போகட்டும், எல்லாம் போகட்டும்.

"டாக்டர், நில்லுங்க! இன்னிக்கு இல்ல. வியாழக்கிழம காலைல ஆறு இருவதுலேர்ந்து."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவர் போனை எடுத்தார். "பூவி, அப்பா பேசுறேன். எனக்கு ஒண்ணுமில்ல. அந்த வியாழக்கிழம வந்துச்சே கோடு, அத உடனே எனக்கு அனுப்பு. அது என் நெஞ்சு இல்லம்மா. அம்மாவாசையோடது. ஒரு மாசமா வாட்ச அவன் கையிலதான் கட்டினேன். அப்புறம் எவ்ளோ வேணா திட்டு, இப்ப அனுப்பு." பூவிழி போனை வைத்துவிட்டாள். படம் மட்டும் வந்தது.

டாக்டர் அதை இரண்டு விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். "ஷாக் இப்ப வேணாம், மருந்துல பாக்குறோம். நல்லவேள சொன்னீங்க" என்று உள்ளே ஓடினார்.

நடையில் இருவரும் நின்றார்கள். கமலவேணி அவர் கையை எப்போது விட்டாள் என்று அவருக்குத் தெரியவில்லை.

"வியாழக்கிழமையே தெரியுமாண்ணா?"

"தெரியும்மா."

"அன்னிக்கு சாயங்காலம் உங்க ஊட்டுக்கு சங்கரா மீனு எடுத்தாந்தாரே. இருதயத்துக்கு மீனு நல்லதாம், பரிதிக்குக் குடுத்துட்டு வரேன்னு அந்த வெயில்ல மிதிச்சினு வந்தாரே. கையில வாங்கும்போதுகூடவா சொல்லத் தோணல?"

கமலவேணி அவர் முகத்தைப் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பை இழுத்துப் போர்த்திக்கொண்டு, எதிர்ப்பக்கத்து பெஞ்சில் போய், அவர் முகம் தெரியாதபடி திரும்பி உட்கார்ந்துகொண்டாள்.